ப₁ + ப₁ = ப₁ + ப₁: டபிள்யூஎக்ஸ்-மாக்சிமா, ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

கடந்த ஆடியில் ஒரு சனிக்கிழமை, கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் நான் பாடம் சொல்லித் தரும் மாடியறையில், பட்டப்படிப்பு முதலாண்டு மாணவி ஒருத்தி தன் லேப்டாப்பைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு வந்து என் மேசைமேல் வைத்தாள். திரையில் ப₁ + ப₁ என்று அச்சுப் புத்தகத்தில் இருப்பதைப் போலவே அழகாக இருந்தது. “ரெண்டையும் கூட்டச் சொன்னேன் சார், கூட்டவே மாட்டேங்குது. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகூட ரெண்டு ப₁னு சொல்லீரும்” என்றாள். நானும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். மறுபடியும் ப₁ + ப₁ என்றே வந்தது. முப்பது ஆண்டு கணக்குச் சொல்லிக் கொடுத்தவன் என்ற எண்ணத்தில் அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குச் சட்டென்று விடை தெரியவில்லை. அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். டபிள்யூஎக்ஸ்-மாக்சிமா (wxMaxima) என்ற இந்தக் கணக்கு மென்பொருளைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணம் அன்றுதான் வந்தது.

என்னிடம் வருபவர்களில் பாதிப்பேர் வடகரப்பதி, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள். மீதிப்பேர் சித்தூர்ப் பக்கத்து மலையாளப் பிள்ளைகள். எல்லையைத் தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வருகிறவர்களும் இருவர் உண்டு. வகைக்கெழு என்று நான் சொன்னால் ஒரு வரிசை தலையாட்டும். அதையே மலையாளத்தில் அவகலஜம் என்று சொன்னால்தான் அடுத்த வரிசை தலையாட்டும். இப்படிப்பட்ட வகுப்பில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே கட்டளை, ஒரே குறி என்று ஒரு கணக்கு மென்பொருள் இருந்தால் நல்லது என்று தேடியபோது, விலை கொடுத்து வாங்க வேண்டியவற்றை முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். கேரளப் பள்ளிகளில் 2001-இல் ஐடி அட் ஸ்கூல் என்ற பெயரில் தொடங்கி இப்போது கைட் என்று வழங்கும் திட்டத்தின் வழியாகப் பிள்ளைகள் கட்டற்ற மென்பொருளுக்கும், வடிவியலும் இயற்கணிதமும் பழக உதவும் ஜியோஜீப்ராவுக்கும் பழகியே வருகிறார்கள் என்பதால், அடுத்த படியாக மாக்சிமாவையும் அதன் முகப்பான டபிள்யூஎக்ஸ்-மாக்சிமாவையும் தேர்ந்தெடுத்தேன்.

மாக்சிமாவுக்கு நீண்ட பூர்விகம் உண்டு. 1968-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் Macsyma என்று எழுதப்படும் மூல நிரலாகத் தொடங்கியது. அதன் ஒரு கிளையை டெக்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஷெல்டர் 1982 முதல் பேணி வந்தார். 1998-இல் அமெரிக்க எரிசக்தித் துறையின் அனுமதி பெற்று அதை, யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்ற ஜிபிஎல் உரிமத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டார். அவர் 2001-இல் இறந்த பிறகு தன்னார்வலர்கள் வளர்த்து வருகிறார்கள். லிஸ்ப் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்ட இந்த இயந்திரம், கட்டளையை மட்டும் அடிக்கும் ஒரு கருப்புத் திரையில் தானாக ஓடக்கூடியது. அதன்மேல் மெனு, செல் (கட்டளையோ உரையோ அடிக்கும் கட்டம்), அச்சுத் தரமான சமன்பாடு ஆகியவற்றைப் போர்த்துவதுதான் டபிள்யூஎக்ஸ்-மாக்சிமா. விண்டோஸில் இரண்டும் ஒரே நிறுவியில் வருகின்றன. இயந்திரம் ஒன்று, முகப்பு வேறொன்று என்ற இந்த இரட்டைத்தன்மையை மனத்தில் வைத்துக்கொண்டால், கீழே சொல்லப்போகும் குழப்பங்களில் முக்கால்வாசி எங்கிருந்து வருகின்றன என்பது விளங்கும்.

ஒரு குறிப்பு: வாசிப்பவர் வசதிக்காக மாறிகளை க, ச, ப என்று தமிழெழுத்தில் எழுதியிருக்கிறேன், கட்டளைகளை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். கணினியில் எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில்தான் அடிக்கிறோம்.

முதல் நாளில் வரும் குழப்பங்கள் எளியவை. என்டரைத் தட்டினால் விடை வராது, அடுத்த வரிதான் வரும்; விடைக்கு ஷிஃப்டும் என்டரும் சேர்த்து அழுத்த வேண்டும். வேண்டுமானால் அமைப்புகளில் இதை மாற்றிக்கொள்ளலாம். அடுத்தது செல்களின் வகை. கணக்கு அடிக்கும் செல், வெறும் உரை எழுதும் செல், தலைப்புச் செல் என்று இவை தனித்தனியே உள்ளன; உரைச் செல்லில் போய்க் கட்டளையை அடித்துவிட்டு ஷிஃப்ட்-என்டரை எத்தனை முறை தட்டினாலும் ஒன்றும் நடக்காது. இடது ஓரத்தில் இரண்டு கோடும் ஒரு முனையுமாக ஓர் அம்புக்குறி இருந்தால் அது கணக்குச் செல். ஓட்டிய பிறகு அந்த இடத்தில் (%ஐ1) என்பது போல ஓர் எண் வந்து உட்காரும். அம்பும் இல்லை, எண்ணும் இல்லை என்றால் அது உரை. இதை ஒரு வகுப்பில் சொல்லி முடித்துவிடலாம். பிள்ளைகள் இரண்டாம் நாளில் மறப்பதில்லை.

பெருக்கல் குறி அப்படியல்ல. ஓராண்டில் என் நேரத்தை அதிகம் தின்றது அதுதான்.

ஜியோஜீப்ராவில் 2க என்று அடித்தால் அது இரண்டு பெருக்கல் க என்று எடுத்துக்கொள்ளும். மாக்சிமாவில் 2க என்று அடித்தால், க என்பது இடைக்குறி (கூட்டல், பெருக்கல் போல இரண்டுக்கு நடுவே வரும் குறி) அல்ல என்ற பொருளில் சிவப்பாக ஒரு பிழைச்செய்தி வரும். செய்தியின் வாசகம் பிள்ளைகளுக்குப் புரியாவிட்டாலும் தவறு நேர்ந்தது என்பதாவது தெரியும். நட்சத்திரக் குறியைப் போட்டு 2*க என்று திருத்திக்கொள்வார்கள். ஆபத்து பிழைச்செய்தியே வராத இடத்தில் இருக்கிறது. க(க+1) என்று அடித்தால் மாக்சிமா அதை க என்ற பெயருடைய ஒரு சார்பாக எடுத்துக்கொண்டு, அதற்குள் க+1-ஐப் போடச் சொல்கிறீர்கள் போலும் என்று அமைதியாக ஏற்றுக்கொள்ளும். விரித்து எழுதச் சொல்லும் எக்ஸ்பாண்ட் கட்டளையைக் கொடுத்தாலும் க(க+1) என்றே திருப்பித் தரும், ஏனென்றால் விரிப்பதற்கு அங்கே பெருக்கலே இல்லை. வகையிடச் சொன்னால் வகைக்கெழுக் குறியை முன்னால் மாட்டி அப்படியே நிறுத்திவிடும். “மாஷே, எரர் ஒன்னும் காணிக்குந்நில்லல்லோ” என்று சித்தூர்ப் பையன் ஒருவன் கேட்டான். பிழை காட்டவில்லையே, பிறகு ஏன் விடை வரவில்லை என்பது நியாயமான கேள்விதான்.

இதுவரை உள்ளிடும் முறையின் கண்டிப்பு என்று விட்டுவிடலாம். எந்த மொழிக்கும் ஓர் இலக்கணம் உண்டு. ஆனால் காட்டும் முறை அந்த இலக்கணத்தை மறைத்துவிடுகிறது என்பதே என் புகார். நாம் ஒழுங்காக க*(க+1) என்று நட்சத்திரத்தோடு அடித்து ஓட்டினாலும், விடையில் நட்சத்திரம் காணாமற்போய், க-வுக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவே எள்ளளவு இடைவெளி மட்டும் மிஞ்சும்படி அமைத்துக்கொள்ள முடியும். என் கணினியில் நான் அப்படித்தான் அமைத்து வைத்திருந்தேன், புத்தகத்தைப் போல இருக்கிறது என்ற ஆசையில். அந்த நிலையில் சார்பும் பெருக்கலும் திரையில் இரட்டைப் பிள்ளைகள். நான் செய்த மடத்தனம் என்னவென்றால், அந்தத் திரையிலிருந்து விடைகளைப் படமாக நகலெடுத்துப் பயிற்சித்தாள் ஒன்றைத் தயாரித்து, பதினான்கு படி எடுத்து எல்லோருக்கும் கொடுத்தேன். தாளில் பார்த்ததைப் பார்த்தபடியே அடித்த பதினான்கு பேருக்கும் ஐந்தாம் கணக்கு வரவில்லை. மென்பொருள் தவறு செய்யவில்லை, பிள்ளைகளும் தவறு செய்யவில்லை. வாசிப்பதற்கான வடிவத்தை அடிப்பதற்கான வடிவமாக அச்சிட்டுக் கொடுத்தவன் நான்.

பரிகாரம் இருக்கிறது. அமைப்புகளில் பெருக்கல் குறியை இயன்றவரை மறைக்கும் தெரிவை அணைத்துவிட்டால், நட்சத்திரத்துக்குப் பதிலாக நடுவில் ஒரு புள்ளியாவது தெரியும்; புள்ளி இருந்தால் பெருக்கல், இல்லையென்றால் சார்பு. நகலெடுக்கும்போதும் மூன்று நான்கு வழிகள் உள்ளன. சாதாரணமாக நகலெடுத்தால் நட்சத்திரங்களோடு கூடிய, திரும்ப அடிக்கத்தக்க வரி கிடைக்கும். படமாகவோ, சமன்பாடுகளை அச்சுக்கோக்கும் லேடெக்ஸ் வடிவமாகவோ நகலெடுத்தால் கண்ணுக்கும் அச்சுக்கும் உரிய வடிவம் கிடைக்கும். இந்த வேறுபாட்டை நகலெடுக்கும் மெனு ஒரு வரியில் விளக்கியிருக்கலாம். பெயரை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பவருக்கு, ஒன்றை மறுபடி ஓட்டலாம், மற்றதை ஓட்ட முடியாது என்பது தெரிய வழியில்லை.

இனி ப₁ + ப₁. அந்த மாணவி முதல் உறுப்பை ப_1 என்று கீழ்க்கோடு போட்டும், இரண்டாவதை ப[1] என்று சதுர அடைப்புக்குறி போட்டும் அடித்திருந்தாள். ஒன்று என் தாளில் இருந்து எடுத்தது, மற்றது தோழியிடம் கேட்டு எழுதியது. மாக்சிமாவைப் பொறுத்தவரை ப_1 என்பது ஒரே சொல்லாகிய ஒரு மாறி. ப[1] என்பது ப என்ற வரிசையின் ஒன்றாம் உறுப்பு. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் கீழ்க்கோட்டுக்குப் பின் ஓர் எண்ணோ ஒற்றை எழுத்தோ வந்தால் அதைக் கீழ்க்குறியாக இறக்கிக் காட்டலாம் என்பது முகப்பின் தாராள மனம். வரிசை உறுப்பையும் கீழ்க்குறியாகவே காட்டுவது கணக்கின் மரபு. இரண்டும் சேர்ந்தபோது, உள்ளே வெவ்வேறான இரண்டு பொருள்கள் திரையில் ஒரே உருவத்தில் வந்து நின்றன. இயந்திரம் கூட்ட மறுத்தது சரி. கண்ணுக்குத்தான் அது அபத்தமாகப் பட்டது. நாங்கள் உண்மையைக் கண்டுபிடித்தது, டிஸ்பிளே2டி என்ற மாறியை ஃபால்ஸ் என்று மாற்றி அதே செல்லை மறுபடி ஓட்டிய பிறகுதான். சமன்பாட்டு அழகெல்லாம் உதிர்ந்து, ஒரே வரியில், கீழ்க்கோடு ஒரு பக்கமும் சதுர அடைப்பு மறுபக்கமுமாக வந்து நின்றது. “அட, இதுவா” என்றாள்.

அந்த டிஸ்பிளே2டி கட்டளை இந்த மென்பொருளில் நான் கண்ட மிகப் பயனுள்ள வரி. அதை ஃபால்ஸ் ஆக்கினால், விடை எந்த வடிவில் வருகிறதோ அதே வடிவில் திரும்ப அடிக்கலாம்; காட்டுவதும் உள்ளிடுவதும் ஒன்றாகிவிடும். ஒரே ஒரு விடைக்கு மட்டும் அப்படிப் பார்க்க வேண்டுமானால் கிரைண்ட் என்ற கட்டளை போதும். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் இரண்டு வாரம் இந்த ஒற்றை வரி வடிவத்தில்தான் இப்போது சொல்லிக் கொடுக்கிறேன். பார்ப்பதற்கு வறட்சியாகத்தான் இருக்கும். பின்னம் சாய்கோட்டோடும் அடுக்கு தொப்பிக்குறியோடும் வரும். ஆனால் இரண்டு வாரத்தில் கை பழகிவிடுகிறது. அதன் பிறகு புத்தக வடிவத்தைத் திறந்துவிட்டால், அதற்குள் நட்சத்திரம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பிள்ளைகளே சொல்கிறார்கள்.

சமக்குறியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மதிப்பு ஏற்றுவதற்கு முக்காற்புள்ளி, சார்பை வரையறுக்க முக்காற்புள்ளியும் சமக்குறியும் சேர்ந்தது, வெறும் சமக்குறி என்றால் சமன்பாடு. நிரலெழுத முன்பே கற்றவர்கள் க = 5 என்று அடித்துவிட்டு, க-வில் ஐந்து ஏறவில்லையே என்று தேடுவார்கள்; கணக்கு மட்டும் படித்தவர்களுக்கு இது இயல்பாகவே வருகிறது. சார்பு வரையறையில் மட்டும் ஒரு கண்ணி உண்டு. வலப்பக்கத்தில் க-வின் வர்க்கத்தை வகையிடும் டிஃப் கட்டளையை வைத்து ஒரு சார்பை வரையறுத்துவிட்டு, அதில் 3-ஐப் போட்டால் 6 வரும் என்று எதிர்பார்ப்போம். வராது. வரையறுக்கும் நேரத்தில் வலப்பக்கம் கணக்கிடப்படுவதில்லை. 3-ஐப் போட்ட பிறகுதான் டிஃப் விழித்தெழுந்து, 3-ஐப் பொறுத்து எப்படி வகையிடுவது, அது மாறி அல்லவே என்று மறுக்கும். டிஃபைன் என்ற கட்டளையால் வரையறுத்தால் வகையிட்ட விடை உள்ளே போய் உட்கார்ந்துவிடும்.

இதையே இன்னொரு வழியிலும் செய்யலாம். அங்கேதான் மேற்கோள் குறிகளின் தொல்லை வருகிறது. கட்டளைக்கு முன் ஒற்றை மேற்கோள் ஒன்று போட்டால், கணக்கிடாதே, குறியாக மட்டும் காட்டு என்று பொருள். தொகையீட்டை அடையாளமாக எழுதிக் காட்ட இது மிக அழகாக உதவுகிறது. ஒற்றை மேற்கோளை இரண்டு முறை அடுத்தடுத்துப் போட்டால், இப்போதே கணக்கிட்டு வை என்று நேர் எதிர்ப்பொருள். இரட்டை மேற்கோள் குறி ஒன்றைப் போட்டால் அது எழுத்துச் சரத்தின் தொடக்கம். இரண்டு ஒற்றை மேற்கோளுக்கும் ஓர் இரட்டை மேற்கோளுக்கும் திரையில் என்ன வேறுபாடு தெரியும்? எழுத்துருவின் அளவைச் சற்றுச் சிறிதாக்கி வைத்திருந்தால் ஒன்றும் தெரியாது. போதாக்குறைக்குக் கைப்பேசிச் செய்தியில் கட்டளையை அனுப்பினால், நேரான மேற்கோள் சில விசைப்பலகைகளில் வளைந்த மேற்கோளாக மாறிப்போகும். வளைந்ததை மாக்சிமா மேற்கோளாக ஏற்காது. எங்கள் குழுவில் இப்போது கட்டளைகளைச் செய்தியாக அனுப்புவதில்லை, கோப்பாகவே அனுப்புகிறோம்.

எண்களைக் காட்டும் விதத்தில் எனக்குப் புகார் குறைவு, ஆனால் சொல்லித் தர வேண்டியது நிறைய. மூன்றில் ஒன்று என்று அடித்தால் மூன்றில் ஒன்று என்றே வரும். இரண்டின் வர்க்கமூலம் வர்க்கமூலமாகவே நிற்கும். கால்குலேட்டர் பழகிய பிள்ளைகள் கணக்கே போடவில்லை என்பார்கள். பின்னம் மாறா உண்மை மதிப்பு, தசமம் அதன் தோராயம் என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை என்பதால் நான் இதைக் குறையாகக் கொள்வதில்லை. ஃப்ளோட் என்று கேட்டால் தசமம் வரும். லாக் என்றால் இயல்மடக்கை என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நூறின் லாக் 2 என்று எழுதிப் பழகியவர்களுக்குத் தசமத்தில் 4.605 என்று வந்தால் திகைப்பாகத்தான் இருக்கும்.

திரையில் எத்தனை இலக்கம் காட்டுவது என்பதை எஃப்பிபிரிண்ட்பிரெக் என்ற மாறியால் குறைக்கலாம். அதை 5 என்று வைத்து π-யின் தசமத்தைக் கேட்டால் 3.1416 என்று வரும். அதிலிருந்து 3.1416-ஐக் கழிக்கச் சொன்னேன். எல்லோரும் சுழி என்று எழுதி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். விடையாகப் பத்து லட்சத்தில் ஏழு பங்கு அளவில் ஒரு சிறு குறை எண் வந்தது. உள்ளே பதினாறு இலக்கம் அப்படியே இருக்கிறது, வெளியே ஐந்துதான் தெரிகிறது என்பதைக் கரும்பலகையில் அரை மணி நேரம் சொல்வதைவிட இந்த ஒரு கழித்தல் நன்றாகச் சொல்லிவிட்டது. பெரிய எண்ணிலும் இதே கதைதான்: 100! என்று அடித்தால் முதல் முப்பது இலக்கத்தையும் கடைசி முப்பது இலக்கத்தையும் காட்டிவிட்டு, நடுவில் சதுர அடைப்புக்குள் 98 இலக்கம் என்று குறிப்பு எழுதிவிடுகிறது. ஒரு பையன் அந்த அடைப்புக்குறியோடு சேர்த்து நோட்டில் எழுதி வைத்திருந்தான். மொத்தம் 158 இலக்கம் என்று அவனையே எண்ணச் சொன்னேன்.

செல்களின் வரிசை இன்னொரு பொறி. மேலே போய் ஒரு செல்லைத் திருத்தி ஓட்டினால் அதன் எண் பன்னிரண்டாக மாறிப்போகும், கீழே இருப்பதன் எண் ஏழாகவே நிற்கும். கடைசி விடை என்று பொருள்படும் சதவீதக் குறி, கண்ணுக்கு மேலே தெரியும் விடையைக் குறிக்காது. கடைசியாக ஓட்டியதன் விடையைக் குறிக்கும். பக்கத்தின் வரிசை வேறு, நடந்த வரிசை வேறு. இதனால் சரியான கணக்குக்குத் தவறான விடையும், தவறான கணக்குக்குச் சரியான விடையும் வந்து நின்ற பக்கங்களை நான் திருத்தியிருக்கிறேன்.

முகப்பே இல்லாமல் மாக்சிமாவைக் கருப்புத் திரையில் ஓட்டிப் பார்த்தவர்கள் வேறொரு காட்சி வடிவத்தைக் கண்டிருப்பார்கள். அங்கே அடுக்கெண் தனியாக மேல்வரியில் நிற்கும், மாறி கீழ்வரியில் நிற்கும். பின்னக்கோடு கழிப்புக்குறிகளால் ஆனது. எல்லா எழுத்தும் ஒரே அகலமுள்ள எழுத்துருவில் இது தெளிவாகவே இருக்கும். அதை நகலெடுத்துக் கைப்பேசியில் ஒட்டினால் மேல்வரி ஒரு பக்கம் நழுவி, அடுக்கெண் 2 பக்கத்து உறுப்பின் தலையில் போய் உட்காரும். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வரும் பையன் பழைய லேப்டாப்பில் இந்த வடிவத்தைத்தான் பயன்படுத்துகிறான். அவன் அனுப்பிய விடை ஒன்றில் ச-வின் மேல் இருக்க வேண்டிய வர்க்கம் க-வின் மேல் ஏறியிருந்ததை நம்பி நான் மதிப்பெண்ணைக் குறைத்தேன். மறுநாள் அவன் திரையைக் கொண்டுவந்து காட்டிய பிறகு திரும்பக் கொடுத்தேன்.

காட்சி வடிவத்துக்கும் உள்வடிவத்துக்கும் உள்ள இடைவெளியை மாக்சிமாவை எழுதியவர்கள் அறியாதவர்கள் அல்லர். அதற்காக இரண்டு தனிக் கட்டளைகளையே வைத்திருக்கிறார்கள். ஒரு கோவையின் உறுப்பைப் பிரித்தெடுக்கும் பார்ட் என்ற கட்டளை திரையில் காணும் வடிவத்தைப் பின்பற்றும். இன்பார்ட் என்ற கட்டளை உள்ளே சேமிக்கப்பட்ட வடிவத்தைப் பின்பற்றும். க/ச என்ற பின்னத்தின் முதன்மைச் செயற்குறி எது என்று பார்ட்டைக் கேட்டால் வகுத்தல் என்று சொல்லும். இன்பார்ட்டைக் கேட்டால் பெருக்கல் என்று சொல்லும், ஏனென்றால் உள்ளே அது க-வையும் ச-வின் குறை ஒன்றாம் அடுக்கையும் பெருக்கியதாகவே இருக்கிறது. கழித்தலும் அப்படியே, உள்ளே குறை ஒன்றால் பெருக்கிக் கூட்டுவதுதான். இந்த இரண்டு கட்டளைகளையும் அடுத்தடுத்து ஓட்டிக் காட்டிய அன்று எங்கள் வகுப்பில் நல்ல வாக்குவாதம் நடந்தது. எது உண்மையான க/ச என்று ஒருவன் கேட்டான். அது பட்டப்படிப்பு முதலாண்டுக்கான கேள்வி அல்ல என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

இந்தக் குழப்பம் மாக்சிமாவுக்கு மட்டும் உரியதன்று என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1988-இல் வெளிவந்த மேத்தமேட்டிக்காவிலும் உள்ளிடும் வடிவம், வழக்கமான வடிவம், மரபு வடிவம் என்று பல முகங்கள் உண்டு. ஆனால் அங்கே சார்புக்குச் சதுர அடைப்பு, பெருக்கலுக்கு இடைவெளியே போதும் என்று இலக்கணத்தைப் பிரித்துவிட்டதால் க(க+1) சார்பாக மாறும் அபாயம் இல்லை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 1980-இல் தொடங்கிய மேப்பிளில் ஒற்றை வரி உள்ளீடு, புத்தக வடிவ உள்ளீடு என்று இரண்டு முறைகள் உள்ளன. புத்தக வடிவத்தில் இடைவெளி பெருக்கலாகும், ஒற்றை வரியில் நட்சத்திரம் வேண்டும். ஆக, காட்டுவதில் அழகைக் கூட்டுகிற ஒவ்வொரு மென்பொருளும் எங்கேயோ ஓரிடத்தில் இந்தக் கணக்கைத் தீர்த்தாக வேண்டியிருக்கிறது. டபிள்யூஎக்ஸ்-மாக்சிமா உள்ளிடுவதில் பழைய ஒற்றை வரியை விடாமல், காட்டுவதில் மட்டும் புத்தகத்தைக் கொண்டுவந்தது. அதனால் ஒரே பக்கத்தில் மேல்வரி ஒரு மொழியிலும் கீழ்வரி வேறு மொழியிலும் இருக்கின்றன.

அப்படியும் இதை நான் மாற்றப் போவதில்லை. காசு இல்லை, உரிமச்சாவி இல்லை, இணையம் இல்லாத வீட்டிலும் ஓடுகிறது, நான்கு ஜிபி நினைவகமுள்ள பழைய லேப்டாப்பிலும் தள்ளாடாமல் ஓடுகிறது. தொகையீட்டிலும் அணிகளிலும் இதுவரை எங்கள் பாடத்திட்டத்துக்கு இது போதாமற்போனதில்லை. வரைபடத்துக்கு மட்டும், முன்னால் டபிள்யூஎக்ஸ் என்று சேர்த்தால் பக்கத்துக்குள்ளேயே படம் வரும், சேர்க்காவிட்டால் தனிச் சன்னலில் வரும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் தாராளமாகப் பரிந்துரைப்பேன். தனியாக உட்கார்ந்து தானாகக் கற்க நினைக்கும் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு, ஜியோஜீப்ராவிலேயே இன்னும் ஓராண்டு இருக்கச் சொல்வேன்.

புதிதாக யாராவது லேப்டாப்போடு வந்தால் நான் செய்து கொடுக்கும் மாற்றங்கள் மூன்றுதான்: பெருக்கல் புள்ளியை மறைக்காதபடி வைப்பது, கீழ்க்கோட்டைத் தானாகக் கீழ்க்குறியாக்கும் தெரிவை முற்றிலும் அணைப்பது, எழுத்துருவை மேற்கோள் குறிகள் தனித்தனியே தெரியும் அளவுக்குப் பெரிதாக்குவது. வீட்டுக்கணக்கை விடைகளோடு சேமிக்கும் கோப்பு வகையில் நான் வாங்குவதில்லை. உள்ளீட்டை மட்டும் எளிய உரையாகச் சேமிக்கும் டபிள்யூஎக்ஸ்எம் கோப்பாகப் பென் டிரைவில் கேட்கிறேன். திறந்தவுடன் எல்லாச் செல்லிலும் அம்புக்குறி மட்டும் நிற்கும். மேலிருந்து கீழே ஒருமுறை ஓட்டுகிறேன். வரிசை பிசகியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். ப₁ கேட்டு வந்தவள் இப்போது சதுர அடைப்பை மட்டுமே பயன்படுத்துகிறாள். தோழிகளின் நோட்டில் கீழ்க்கோட்டைக் கண்டால் சிவப்பு மையில் சுழித்துவிட்டுத்தான் என்னிடம் கொண்டுவருகிறாள்.